‘அழற்சிப் புரதங்களைக் குறைக்கிறது’ என்கிற ஒரு வாக்கியம்

தமிழில் மூட்டுவலி பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: ‘இது உடலில் உள்ள அழற்சிப் புரதங்களைக் குறைக்கிறது.’ எழுவாய் மட்டும்தான் மாறும். ஒரு வாரம் மஞ்சள், அடுத்த வாரம் இஞ்சி, அதற்கடுத்து முடக்கத்தான் கீரை, கொஞ்சம் காசு உள்ளவர்களுக்கு மீன் எண்ணெய் மாத்திரை. பயனிலை அப்படியே நிற்கும். முன்பெல்லாம் ‘வாதத்தை விரட்டும்’ என்று எழுதிய இடத்தில் இப்போது இந்த வாக்கியம் வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘டி.என்.எஃப். ஆல்ஃபா’, ‘இன்டர்லூகின் 6’ என்று இரண்டு பெயரையும் சேர்த்துவிட்டால் விஞ்ஞானக் கட்டுரை ரெடி.

இந்தக் குறிப்பு அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. அதைப் பொய் என்று தள்ளிவிட முடிந்தால் என் வேலை சுலபம். பல சமயம் அது உண்மை. ஏதோ ஓர் ஆய்வகத்தில், ஏதோ ஒரு கண்ணாடித் தட்டில், அந்தப் பொருள் அந்தப் புரதத்தைக் குறைத்திருக்கும். என் புகார் வேறு. ‘புரதம் குறைந்தது’ என்பதிலிருந்து ‘மூட்டு பிழைத்தது’ என்பதற்கு நேராகத் தாவ முடியாது. நடுவில் பெரிய பள்ளம் இருக்கு. நம் கட்டுரைகள் அந்தப் பள்ளத்தின் மேல் ஓலையைப் போட்டு மூடிவிடுகின்றன. விழுகிறவர் நோயாளி.

எனக்குச் சொந்த ஊர் தேவதானப்பட்டி. வத்தலகுண்டுக்கும் பெரியகுளத்துக்கும் நடுவில், மஞ்சளாறு அணைக்குப் பக்கம். எங்க பக்கம் நாத்து நடுறது, களை எடுக்கிறது எல்லாமே பெண்களின் விரல்களை நம்பி நடக்கிற வேலை. முடக்கு வாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பெரும்பாலும் விரல் கணுக்களிலும் மணிக்கட்டிலும்தான் தொடங்குகிறது. கூலிக்குப் போகிற பெண்ணுக்கு விரல் மடங்காமல் போனால் அன்றாட வருமானம் போயிற்று. அதனால் இந்த வாக்கியத்தை வெறும் பாமரத்தனம் என்று சிரித்துவிட்டு நகர முடியவில்லை.

முதலில் சொற்கள்

‘அழற்சி’ நல்ல சொல். அழல் என்றால் தீ. லத்தீனில் இருந்து வந்த ஆங்கிலச் சொல்லுக்கும் வேர் தீதான். பழைய ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் சொன்ன நான்கு அடையாளங்களும் (சிவப்பு, சூடு, வீக்கம், வலி) அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடும். ஆனால் நம் கட்டுரைகள் பாதி இடத்தில் அழற்சியை ‘வீக்கம்’ என்று எழுதுகின்றன. யானைக்கால் வீக்கமும் வீக்கம்தான், அடிபட்ட வீக்கமும் வீக்கம்தான். போதாக்குறைக்கு, இயந்திரத்தில் மொழிபெயர்த்துப் போட்ட ‘எதிர்ப்பு அழற்சி பண்புகள் நிறைந்தது’ என்கிற தொடர் வேறு. அதைப் படித்து யாருக்கு என்ன புரிந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

இதைவிடப் பெரிய குழப்பம் ‘மூட்டுவலி’ என்ற சொல்லில். வயதாகி முழங்கால் தேய்கிற நோய், முடக்கு வாதம், யூரிக் அமிலப் படிகம் சேர்ந்து கால் கட்டைவிரல் கொதிக்கிற கௌட் ஆகிய மூன்றும் மூன்று நோய்கள். முடக்கு வாதத்தில் டி.என்.எஃப். பெரிய ஆள். கௌட்டில் முன்னணியில் நிற்பது இன்டர்லூகின்-1 பீட்டா. தேய்மானத்தில் அழற்சி கொஞ்சம் இருந்தாலும், டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் அடாலிமுமாபைக் கை மூட்டுத் தேய்மானத்துக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் பலன் தெரியவில்லை. ஆக, ‘மூட்டுவலியா? அழற்சிப் புரதத்தைக் குறையுங்கள்’ என்று சொல்பவர், எந்த மூட்டு, எந்த நோய், எந்தப் புரதம் என்ற மூன்று கேள்வியையும் ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறார்.

இங்கே நான் முடக்கு வாதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1993இல் வெளியான மாலவியா குழுவின் ஆய்வில், டெல்லியை ஒட்டிய கிராமங்களில் பெரியவர்களிடையே 0.75 சதவீதம் பேருக்கு இது இருந்தது. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. கேட்க சின்ன எண். இந்திய மக்கள்தொகையோடு பெருக்கிப் பாருங்கள்.

புரதம் என்ன செய்கிறது

நல்ல மூட்டின் உட்சவ்வு ஒன்றிரண்டு செல் அடுக்கு தடிமன்தான். முடக்கு வாதத்தில் அந்தச் சவ்வு தடித்து, உள்ளே நோயெதிர்ப்புச் செல்கள் குடியேறி, ஓரங்களில் எலும்பையும் குருத்தெலும்பையும் அரிக்க ஆரம்பிக்கிறது. அங்கே இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் டி.என்.எஃப்-ஐ வெளிவிடுகின்றன. அது பக்கத்துச் செல்களைத் தூண்டி இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 எல்லாவற்றையும் வரவழைக்கிறது. தூண்டப்பட்ட சவ்வுச் செல்கள் குருத்தெலும்பைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. எலும்பைத் தின்னும் செல்களும் பெருகுகின்றன. அரிப்பு உண்மையில் நடப்பது இந்த இடத்தில்தான்.

இன்டர்லூகின்-6 மூட்டோடு நிற்பதில்லை. இரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதைக் கேட்டு சி.ஆர்.பி. என்ற புரதத்தை உற்பத்தி செய்கிறது. 1930இல் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் டில்லட், ஃபிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் முதலில் கவனித்த அதே சி.ஆர்.பி.தான். கொரோனா இரண்டாம் அலையில் இது நம்மூர் டீக்கடை வரை வந்துவிட்டது. ‘சி.ஆர்.பி. எவ்வளவு, ஐ.எல். 6 எவ்வளவு’ என்று 2021 மே மாதத்தில் விசாரிக்காத குடும்பம் குறைவு. டோசிலிசுமாப் ஊசிக்காக ஜனங்கள் அலைந்ததும் அப்போதுதான். அந்த ஊசி, ஒசாகாவின் கிஷிமோட்டோ குழுவின் இன்டர்லூகின்-6 ஆராய்ச்சியில் இருந்து பிறந்து, ஜப்பானில் 2008இல் முடக்கு வாதத்துக்கு அனுமதி வாங்கிய மருந்து.

அதே இன்டர்லூகின்-6 கல்லீரலில் ஹெப்சிடின் என்ற இன்னொன்றையும் கூட்டுகிறது. ஹெப்சிடின் கூடினால் குடலில் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது குறையும், உடலில் உள்ள இரும்பும் கிடங்கிலேயே பூட்டிக் கிடக்கும். முடக்கு வாதம் வந்த பெண்கள் சோகை பிடித்து வெளுத்துப்போவதற்கும், இரும்பு மாத்திரை தின்றும் பெரிதாக ஏறாமல் போவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். ‘ரத்தம் கம்மி, அதான் கைகால் அசதி’ என்று சொல்லி அனுப்பும்போது, காரணமும் விளைவும் இடம் மாறிவிடுகின்றன.

அறிக்கைத் தாளைப் பற்றியும் சொல்லணும்

இந்த விமர்சனம் நாட்டு வைத்தியக் கட்டுரைகளுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பரிசோதனைத் தாளை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதும் பழக்கமும் இதே தவறின் இன்னொரு முகம்தான்.

எங்கள் பெரியம்மா ஒருவருக்குக் காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காது. ‘துணி பிழிய முடியலடா, தம்ளர் நழுவுது’ என்பார். ‘ஆர்.ஏ. ஃபேக்டர்’ பார்த்தார்கள், நெகட்டிவ். ‘வாதம் இல்லைம்மா, சத்துக் குறைவுதான்’ என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து எக்ஸ்ரேயில் கணு எலும்பு அரித்திருந்தது. அந்த இரண்டு வருஷமும் அவர் பரிசோதனைத் தாளைப் பத்திரமாக மஞ்சப்பையில் வைத்திருந்தார், நோய் இல்லை என்பதற்குச் சாட்சியாக.

ஆர்.ஏ. ஃபேக்டர் ஓர் எதிர்ப்பொருள். முடக்கு வாதம் உள்ளவர்களில் நான்கைந்து பேரில் ஒருவருக்காவது அது நெகட்டிவாகவே இருக்கும். மறுபக்கம் காசநோய், தொழுநோய், ஹெபடைடிஸ்-சி, ஏன், வெறும் வயோதிகத்திலும் அது பாசிட்டிவ் காட்டும். சி.ஆர்.பி-யும் அப்படித்தான். நோய் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது சாதாரண அளவில் இருப்பவர்கள் உண்டு. இன்னும் வேடிக்கை, டோசிலிசுமாப் போட்டவருக்கு சி.ஆர்.பி. ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கிவிடும், மூட்டு எப்படி இருந்தாலும் சரி. கல்லீரலுக்குப் போகும் செய்தியையே மருந்து தடுத்துவிடுவதால் வரும் விளைவு அது. அந்த நேரத்தில் நுரையீரலில் கிருமித் தொற்று வந்தாலும் சி.ஆர்.பி. ஏறாமல் ஏமாற்றும். புரதத்தின் எண் ஒரு பக்கம், நோய் இன்னொரு பக்கம் என்று தனித்தனியாகப் போகமுடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

நிரூபணம் என்றால் எப்படி இருக்கும்

டி.என்.எஃப்-ஐத் தடுத்தால் மூட்டு பிழைக்கும் என்பதையும் ஒரு காலத்தில் யாரும் நம்பவில்லை. இத்தனை புரதம் கொதிக்கிறபோது ஒன்றை மட்டும் தடுத்து என்ன ஆகப்போகிறது என்பதுதான் அன்றைய பொதுக் கருத்து. லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனி, ஃபியோனுலா பிரென்னன் ஆகியோர் இருந்த குழு படிப்படியாகப் போனது. 1989இல், நோயாளிகளின் மூட்டிலிருந்து எடுத்த செல்களில் டி.என்.எஃப்-ஐத் தடுத்தால் இன்டர்லூகின்-1 குறைகிறது என்று காட்டினார்கள். இது நம் கட்டுரைகளின் வாக்கியம் நிற்கும் இடம். அவர்கள் அங்கே நிற்கவில்லை. எலியில் பார்த்தார்கள். 1992இல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் 20 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் 73 பேரிடம், போலி மருந்தோடு ஒப்பிட்டு, யாருக்கு எது என்று தெரியாமல் சோதித்தார்கள். பிறகு 2000இல் வெளியான, 428 பேர் கொண்ட ஒரு பெரிய சோதனை எக்ஸ்ரேயை எடுத்து வைத்தது. மெதோட்ரெக்ஸேட்டோடு இன்ஃப்ளிக்ஸிமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் ஒரு வருஷம் கழித்தும் எலும்பு அரிப்பு பெருமளவு நின்றுபோயிருந்தது.

கண்ணாடித் தட்டிலிருந்து எக்ஸ்ரே வரை 11 வருஷம். நான் சொன்ன பள்ளத்தின் அகலம் அது.

சரி, மஞ்சளுக்கு வருவோம்

மஞ்சளாறு ஓடுகிற ஊர்க்காரனுக்கு மஞ்சள் மேல் என்ன கோபம் இருக்க முடியும்? 1995இல் அமெரிக்காவில் காயம் ஆற்றும் மஞ்சளுக்குக் காப்புரிமை கொடுத்தபோது, நம் சி.எஸ்.ஐ.ஆர். வழக்காடி 1997இல் அதை ரத்து செய்ய வைத்ததில் எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த வழக்கில் தீர்மானமானது ‘இது புதிய கண்டுபிடிப்பு இல்லை’ என்பது மட்டும். மஞ்சள் முடக்கு வாதத்தை நிறுத்தும் என்று எந்தக் காப்புரிமை அலுவலகமும் சொல்லவில்லை.

மஞ்சளையும் டி.என்.எஃப்-ஐயும் கோர்த்துவிட்ட கதையில் ஒரு பெயர் முக்கியமானது: பரத் அகர்வால். 1980களின் நடுவில் ஜெனென்டெக் நிறுவனத்தில் டி.என்.எஃப். புரதத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுத்த வேலையில் முன்னின்றவர். உண்மையான சாதனை. பிறகு டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்துக்குப் போய், மஞ்சளில் உள்ள குர்குமின் டி.என்.எஃப்-ஐயும் அதன் பின்னால் இருக்கும் செல் சமிக்ஞைகளையும் அடக்குகிறது என்று கட்டுரை மேல் கட்டுரையாக வெளியிட்டார். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் அவற்றை மேற்கோள் காட்டினார்கள். பின்னர் அவருடைய கட்டுரைகளில் உள்ள படங்கள் பற்றிக் கேள்விகள் எழுந்தன. 2016இல் ஒரே இதழ் ஏழு கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. இதுவரை இருபதுக்கும் மேற்பட்டவை திரும்பப் பெறப்பட்டுள்ளன. இந்தச் செய்தி நம் மஞ்சள் கட்டுரைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. புகழ் பஸ்ஸில் வந்தது, திருத்தம் நடந்து வந்துகொண்டிருக்கிறது.

ஒருவர் கட்டுரைகளை வைத்து மொத்தத்தையும் தள்ளக் கூடாது. அளவைப் பார்ப்போம். மஞ்சள் தூளில் குர்குமின் எடைக்குச் சுமார் 3 சதவீதம். ஒரு டீஸ்பூன், அதாவது 3 கிராம் போட்டால் 90 மில்லிகிராம். அதிலும் குடலைத் தாண்டி இரத்தத்துக்குப் போவது சொற்பம். 2001இல் வெளியான தைவான் சோதனையில் ஒரு நாளைக்கு 8 கிராம் சுத்தமான குர்குமின் கொடுத்தும் இரத்தத்தில் அது 2 மைக்ரோமோலாரைத் தொடவில்லை. கண்ணாடித் தட்டில் புரதத்தைக் குறைத்த சோதனைகள் பலவற்றில் அதைவிடப் பல மடங்கு அளவு பயன்படுத்தப்பட்டது. 8 கிராம் குர்குமினுக்குச் சமையல் மஞ்சள் கால் கிலோவுக்கு மேல் வேண்டும். தினமும்.

‘மிளகு சேர்த்தா இருபது மடங்கு ஏறும்’ என்று உடனே ஒருவர் சொல்வார். அதுவும் உண்மையான ஆய்விலிருந்து வந்ததுதான். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி, 1998. 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது 2000 சதவீதம் கூடியது. ஆனால் குர்குமின் மட்டும் கொடுத்தபோது இரத்தத்தில் கிடைத்தது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததன் இருபது மடங்கு எவ்வளவு என்று கேட்க வேண்டியது வாசகர் கடமை.

மனிதர்களில் நடந்த சோதனையும் உண்டு. நமக்கு மலைக்கு அந்தப் பக்கம்தான், கேரளத்தின் மூவாற்றுப்புழையில். 2012இல் சந்திரன், கோயல் இருவரும் வெளியிட்டது. முடக்கு வாதம் உள்ள 45 பேர் மூன்று குழுவாக: ஒரு குழுவுக்குக் குர்குமின், ஒரு குழுவுக்கு டைக்ளோஃபினாக், ஒரு குழுவுக்கு இரண்டும். எட்டு வாரத்தில் குர்குமின் குழுவில் வலியும் வீக்கமும் நன்றாகக் குறைந்தன. தமிழில் ‘மஞ்சள் ஆங்கில மருந்தை வென்றது’ என்று வருகிற செய்தியின் மூலம் பல சமயம் இதுதான்.

அந்த ஆய்வையே அதன் சொந்த அளவுகோலில் பார்ப்போம். ஆசிரியர்களே அதை முன்னோட்டச் சோதனை என்றுதான் அழைத்தார்கள். குழுவுக்குச் சுமார் 15 பேர். போலி மருந்துக் குழு இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், ஒப்பிட்டது டைக்ளோஃபினாக்கோடு. டைக்ளோஃபினாக் வலி மாத்திரை. எலும்பு அரிப்பை அது நிறுத்துவதில்லை. எலும்பைக் காப்பாற்றாத ஒன்றை எட்டு வாரத்தில் வலியில் ஜெயிப்பது, எலும்பைக் காப்பாற்றுவதற்கு ஆதாரம் ஆகாது. அரிப்பை எட்டு வாரத்தில் அளக்கவும் முடியாது. 2017இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கேத்ரின் நெல்சன் குழு குர்குமின் வேதியியலை முழுக்க அலசி எழுதிய கட்டுரை, நூற்றுக்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்தும், போலி மருந்தோடு ஒப்பிட்டு இருபக்கமும் மறைத்துச் செய்தவற்றில் வெற்றி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை என்று முடிவு சொன்னது.

வலி கொஞ்சம் குறைந்தால் நல்லதுதானே, போகட்டுமே என்று கேட்கலாம். கூடவே சரியான மருந்தும் இருந்தால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. மஞ்சளின் பெயரால் அந்த மருந்து தள்ளிப்போவதுதான் பிரச்சனை. முடக்கு வாதத்தில் முதல் ஆறு மாதம் மிக முக்கியம். அந்தக் காலத்தில் நோயை அடக்கினால் மூட்டு பெரும்பாலும் தப்பும். அரித்த எலும்பு பழையபடி வளராது.

சுப்பாராவின் மாத்திரை

இவ்வளவுக்கும், வேலை செய்கிற மருந்து தங்கத்தில் செய்ததில்லை. மெதோட்ரெக்ஸேட். எல்லப்ரகட சுப்பாராவ் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போய் லெடர்லே ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தை ஆராய்ந்தவர். அவருடைய குழுவின் வேலையில் இருந்து வந்தது இது. முதலில் இரத்தப் புற்றுநோய்க்கு. மிகக் குறைந்த அளவில் முடக்கு வாதத்துக்கு உதவும் என்பது பின்னால் தெரிந்தது. 1988இல் அமெரிக்காவில் அனுமதி. இன்றும் உலகம் முழுக்க முதல் மருந்து இதுதான். மாத்திரை சில ரூபாய்.

என்னை ரொம்ப யோசிக்க வைத்த விஷயம் இது: குறைந்த அளவு மெதோட்ரெக்ஸேட் முடக்கு வாதத்தை எப்படி அடக்குகிறது என்பது இன்னமும் முழுக்கத் தெளிவாகவில்லை. அடினோசின் கூடுவது ஒரு காரணம் என்கிறார்கள். எந்தப் புரதத்தை முதலில் குறைக்கிறது என்று ஒற்றை வரியில் எழுத முடியாது. ஆனால் மூட்டு பிழைக்கிறது என்பதற்கு எக்ஸ்ரே இருக்கிறது, பல்லாண்டு அனுபவம் இருக்கிறது. மஞ்சளுக்கோ புரதக் கதை பக்கம் பக்கமாக இருக்கிறது, எக்ஸ்ரே இல்லை. நம் கட்டுரைகள் கதை உள்ள பக்கம் சாய்கின்றன.

இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் போய் மெதோட்ரெக்ஸேட் கேட்டு வாங்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிட வேண்டிய மருந்து. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு உயிரே போயிருக்கிறது. கர்ப்பத்தில் கூடாது. கல்லீரல், இரத்த அணுப் பரிசோதனை தொடர்ந்து வேண்டும். மருத்துவர் கையில் இருக்க வேண்டிய பொருள்.

புரதத்தைக் குறைப்பதே பெருமை என்றால் ஸ்டீராய்டு எல்லாரையும் ஜெயித்துவிடும். 1948இல் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் கார்டிசோன் கொடுத்தபோது, படுத்துக் கிடந்தவர்கள் சில நாளில் எழுந்து நடந்தார்கள். 1950இல் நோபல் பரிசும் வந்தது. கூடவே முகம் ஊதுவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு பொடியாவது எல்லாம் வந்தன. மருத்துவர் கண்காணிப்பில் சிறிய அளவில், கொஞ்ச காலத்துக்கு அது நல்ல உதவி. ஆனால் பெயரில்லாத பொட்டலத்தில் ‘மூலிகைப் பொடி’ என்று கொடுத்து மூன்றே நாளில் வலி பறந்துவிட்டால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது இந்தியாவிலும் வெளிநாட்டிலும் பலமுறை சோதனையில் பிடிபட்டிருக்கிறது.

வில்லன் இல்லை

கடைசியாக, அந்த வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு நினைப்பு: இந்தப் புரதங்கள் கெட்டவை, குறைந்தால் குறைந்த அளவுக்கு நல்லது. மருந்துக் கம்பெனி விளம்பரப் படங்களிலும் டி.என்.எஃப். ஒரு வில்லன்தான்.

காசநோய்க் கிருமி உடலில் புகுந்தால், பெரும்பாலானவர்களில் நோயெதிர்ப்புச் செல்கள் அதைச் சுற்றி வளைத்து ஒரு சின்ன உருண்டைக்குள் அடைத்துவைக்கின்றன. அந்த அடைப்பைக் கட்டிக் காக்கும் வேலைக்கு டி.என்.எஃப். தேவை. இன்ஃப்ளிக்ஸிமாப் சந்தைக்கு வந்து இரண்டு மூன்று வருஷத்தில், 2001இல், அதைப் போட்டுக்கொண்ட 70 பேருக்குக் காசநோய் வந்ததை ஓர் அறிக்கை தொகுத்துக் காட்டியது. அடைபட்டிருந்த கிருமி பலருக்கு நுரையீரலைத் தாண்டியும் பரவியிருந்தது. அதற்குப் பிறகுதான் ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயமானது.

உலகக் காசநோயில் சுமார் கால்பங்கு இந்தியாவில். வீட்டிலேயே வைத்துக் காசநோய்க்கு மருந்து கொடுக்கலாம் என்று 1950களின் கடைசியில் உலகத்துக்குக் காட்டியதே சென்னையில் நடந்த ஆய்வுதான். இங்கே டி.என்.எஃப்-ஐக் கண்ணை மூடிக்கொண்டு குறைப்பது, ஊரில் பாதி வீட்டுக் கதவைத் திறந்து போடுவது மாதிரி. 2014 டிசம்பரில் ஸைடஸ் நிறுவனம் அடாலிமுமாபின் உலகின் முதல் நகல் மருந்தை 13,500 ரூபாய்க்கு விற்க ஆரம்பித்தது. பிறகு போட்டி வந்து விலை இறங்கியது. மெதோட்ரெக்ஸேட்டுக்கு அடங்காத நோயாளிகளுக்கு அது பெரிய வரம். ஆனால் ஊசியின் விலை மட்டும் இறங்கி, அதற்கு முன் செய்ய வேண்டிய பரிசோதனை கூடவே வராவிட்டால், விலை குறைந்ததே ஆபத்தாகிவிடும்.

ஒரு விஷயத்தில் நம் மஞ்சள் கட்டுரைகளைப் பாராட்டலாம். மஞ்சளால் டி.என்.எஃப். உண்மையிலேயே அந்த அளவுக்குக் குறைந்திருந்தால், சாம்பார் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் காசநோய்ப் பரிசோதனைக்கு வரிசையில் நின்றிருக்க வேண்டும். அப்படி எந்தக் கட்டுரையும் எச்சரிக்கவில்லை.

என்ன கேட்கலாம்

அடுத்த முறை ‘அழற்சிப் புரதங்களைக் குறைக்கிறது’ என்று படிக்கும்போது நான் கேட்டுக்கொள்வது இவைதான். எந்த நோயில்? கண்ணாடித் தட்டிலா, எலியிலா, மனிதரிலா? எவ்வளவு அளவில், எத்தனை பேரிடம், எத்தனை நாள்? எதோடு ஒப்பிட்டார்கள்? எலும்பைப் பார்த்தார்களா? இந்தக் கேள்விகளை மஞ்சளிடம் மட்டுமல்ல, புதிதாக வரும் ஊசியிடமும் மாத்திரையிடமும் கேட்கலாம். நல்ல மருந்துக்குப் பதில் இருக்கும்.

எழுதுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். முடக்கத்தான் கீரையைப் பற்றி எழுதுங்கள், எங்க வீட்டிலும் தோசை உண்டு. கூடவே இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்: காலையில் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால், இரண்டு கையிலும் சின்ன மூட்டுகள் வீங்கி ஆறு வாரமாக விடவில்லை என்றால், தாளில் நெகட்டிவ் என்று இருந்தாலும் மூட்டு நோய் பார்க்கும் மருத்துவரைப் பாருங்கள். எங்க ஊர்க்காரர்களுக்கு என்றால், பெரியகுளம் அரசு மருத்துவமனையிலோ க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டி, தேவைப்பட்டால் எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

அந்த இரண்டு வரிக்குக் கட்டுரையில் இடம் இல்லை என்றால், புரதத்தைப் பற்றிய வரியை எடுத்துவிடலாம்.